கோடு விழும் பழைய லேப்டாப்: கேபிளா, பேனலா, வெளி மானிட்டரா, வேறு மெஷினா?

ஐந்தாறு வருடம் ஓடிய லேப்டாப்பின் திரை மினுங்க ஆரம்பித்தாலோ, நடுவில் ஒரு பச்சைக் கோடு விழுந்தாலோ, காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் முதலில் காதில் விழும் தீர்ப்பு "டிஸ்ப்ளே போயிருச்சு, மாத்தணும்" என்பதுதான். சில நேரம் அது சரி. பல நேரம், படம் காட்டும் கண்ணாடித் திரையான பேனலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பேனலுக்குப் படத்தைக் கொண்டுபோகும் கேபிள் நைந்திருக்கும். போர்டில் (மதர்போர்டில்) கோளாறு இருக்கும். அல்லது படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர், அப்டேட்டோடு தானாக இறங்கி ஒத்துப்போகாமல் இருக்கும். நாலாயிரம் ரூபாய் கொடுத்துப் புதுப் பேனல் போட்ட பிறகும் அதே கோடு விழுந்தால், அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம். மாட்டிய பேனலைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடை அரிது.

வழிகள் ஆறு இருக்கின்றன: சாஃப்ட்வேரில் சரிசெய்வது, கேபிள் மாற்றுவது, பேனல் மாற்றுவது, வெளி மானிட்டரோடு ஓட்டுவது, போர்டைச் சரிசெய்வது, வேறு மெஷின் வாங்குவது. இவற்றில் எது உங்களுக்கு என்பதை விலைப்பட்டியல் சொல்லாது. கோளாறு எந்தப் பகுதியில் என்பதுதான் சொல்லும். அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். வீட்டில் இருக்கும் டிவி போதும்.

கோளாறு இருக்கும் இடம்

லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளால் டிவியோடு இணையுங்கள். விண்டோஸ் சாவியோடு 'பி'யை அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுத்தால் இரண்டிலும் ஒரே படம் வரும். லேப்டாப் திரையில் கோடு, டிவியில் சுத்தமான படம் என்றால் கோளாறு மூடிப் பக்கம்: கேபிள் அல்லது பேனல். இரண்டிலும் ஒரே மாதிரி கோளாறு தெரிந்தால் பேனலைத் தொடவே வேண்டாம். அது டிரைவர், ராம் அல்லது கிராபிக்ஸ் சிப். பழைய மெஷினில் விஜிஏ மட்டும் இருந்தால் விஜிஏ-எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வேண்டும். அது யுஎஸ்பியில் மின்சாரம் எடுக்கும் வகையாக இருக்க வேண்டும். வெறும் பிளக் மாற்றும் மலிவு அடாப்டரில் படம் வராது.

டிவி கையில் இல்லையென்றால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் பார்க்கும்போதும் அந்தப் படத்தில் கோடு இருந்தால், படம் உருவாகும்போதே கெட்டிருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால் கேபிள், பேனல் பக்கம் திரும்பலாம்.

அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரை. ஆன் செய்தவுடன் எஃப்2 (எச்பியில் எஃப்10) அழுத்தி பயாஸுக்குள் போய் அப்படியே 20 நிமிடம் விடுங்கள். அங்கேயும் மினுங்கினால் விண்டோஸ் மேல் பழி இல்லை, ஹார்டுவேர்தான். பயாஸ் சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஹார்டுவேர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. பயாஸில் கிராபிக்ஸ் சிப்புக்குப் பெரிய வேலை இல்லை. சூடேறினால் மட்டும் வெளிப்படும் கோளாறு அங்கே ஒளிந்துகொள்ளும்.

டெல் மெஷின்களில் இதைவிட நேரான சோதனை இருக்கிறது. அணைத்த நிலையில் 'டி' சாவியைப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்தினால் திரை வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி வரும். இந்த நிறங்களில் கோடு தெரிந்தால் பேனல் அல்லது அதன் கேபிள்.

இப்போது மூடியை அசைத்துப் பாருங்கள். மெதுவாக 90 பாகையிலிருந்து 130 வரை. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கோடு மறைந்து, இன்னொரு கோணத்தில் திரும்பி வந்தால் கேபிள் மேல்தான் சந்தேகம். பல மாடல்களில் வெப்கேமின் வயர்களும் இதே கேபிளோடு கீல் வழியாகப் போகின்றன. திரை மினுங்கும் காலத்திலேயே கேமராவும் அவ்வப்போது காணாமல் போகிறதென்றால் சந்தேகம் உறுதியாகிறது. மூடியை அசைத்தால் மாற்றம் இல்லை, ஆனால் திரையின் ஓரச் சட்டத்தை விரலால் லேசாக அழுத்தினால் கோடு மாறுகிறதென்றால் பேனல்.

திரை முழுக்க இருட்டாகி, விண்டோஸ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டால் போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் மட்டும் எரியவில்லை. பேனலுக்குள் இருக்கும் எல்இடி பட்டை போயிருக்கலாம். போர்டில் டிஸ்ப்ளே கனெக்டர் பக்கத்தில் இருக்கும் மிளகளவு ஃபியூஸும் போயிருக்கலாம். ஃபியூஸ் என்றால் மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் சில நூறு ரூபாயில் முடித்துவிடுவார். இதைப் பார்க்காமல் பேனல் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபிளிப் கவர் போட்ட போனைக் கீபோர்டு ஓரத்தில் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். மூடி மூடியிருக்கிறதா என்று பார்க்கும் காந்த சென்சார் அந்தக் கவரின் காந்தத்தை மூடி என்று நினைத்துத் திரையை அணைத்துவிடும்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு சோதனை கூடுதலாக வேண்டும். பழைய பெரிய வீடுகளில் வயரிங் போட்ட காலத்தில் மூன்றாவது பின்னுக்கு எர்த் கொடுக்காமல் விட்டது உண்டு. கொடுத்த இடத்திலும் கோடையில் செம்மண் காய்ந்து எர்த் குழி வேலை செய்யாது. சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் உலோகப் பாகத்தைத் தொட்டால் சுரீர் என்று ஒரு அதிர்வு வரும். டச்பேட் தானாக ஓடும். சில மெஷின்களில் திரையில் மெல்லிய அலை தெரியும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றம் பிளக் பாயிண்டிலோ சார்ஜரிலோ இருக்கிறது. எர்த் சரியாக உள்ள வேறு பாயிண்டில் மாட்டுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இந்தத் தொல்லை என்றால், இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள்; பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் மலிவு சார்ஜரும் ஒத்துப்போவதில்லை.

காசில்லாத வழி

டிவியிலும் கோளாறு தெரிந்து, பயாஸ் சுத்தமாக இருந்தால் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். திரை மினுங்கும்போது டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து மினுங்கினால் டிரைவர். அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு புரோகிராம். மைக்ரோசாஃப்ட் சொல்லும் இந்தச் சோதனை எளிது, நம்பகமானது.

டிரைவர் என்றால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து 'ரோல் பேக்' கொடுங்கள். அது மங்கிக் கிடந்தால், லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று இருக்கும் கிராபிக்ஸ் டிரைவரை இறக்கி, பழையதை நீக்கிவிட்டுப் போடுங்கள். பழைய மெஷினுக்குப் புதுசுதான் நல்லது என்று எண்ண வேண்டாம். அந்த மாடலுக்காகச் சோதித்து வெளியிட்ட கடைசி டிரைவர்தான் பெரும்பாலும் அமைதியாக ஓடும். இன்டெல் கிராபிக்ஸ் உள்ள மெஷினில் எதையும் தொடாமல் இருக்கும்போது மட்டும் திரை துடிக்கிறதென்றால், இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டரில் பவர் பகுதிக்குப் போய் 'பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்' என்பதை அணையுங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க வந்த வசதி அது; வயதான பேனல்களோடு அடிக்கடி மல்லுக்கு நிற்கிறது.

இவ்வளவுக்கும் பிறகும் சந்தேகம் என்றால் 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து ஒரு வீடியோவை அரை மணி நேரம் ஓட விடுங்கள். அங்கே சுத்தம் என்றால் விண்டோஸ் டிரைவர் மாட்டிக்கொண்டது. அங்கேயும் அதே கோளாறு என்றால் கையில் ஸ்க்ரூடிரைவர் எடுக்கும் நேரம்.

அப்போதும் முதலில் ராம். தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத மெஷின்கள் திரைக்கான படத்தை ராமில்தான் வைக்கின்றன. ராம் தொடர்பு சரியில்லை என்றால் நிறக் கட்டங்களும் சிதறலும் வரும், கூடவே நீலத் திரையும் வரும். ராமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடர்புகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டினால் சரியாகும் மெஷின்கள் ஏராளம். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

கேபிள்: முதலில் செலவழிக்க வேண்டிய இடம்

மூடியை அசைத்தால் மாறும் கோளாறுக்குக் கேபிள்தான் விலை குறைந்த விடை. மாடலைப் பொறுத்துச் சுமார் 400 முதல் 1,200 ரூபாய், மாட்டுக்கூலி தனி. கீல் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கேபிள் மடிந்து நிமிர்கிறது. பல ஆயிரம் மடிப்பில் உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பிகள் ஒன்றிரண்டு அறுகின்றன. விலை உயர்ந்த மெஷினுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2016 மாடல் 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இதே மாதிரி ஃபிளெக்ஸ் கேபிள் தேய்ந்து பேக்லைட் கெட்டதால் 2019 மே மாதம் ஆப்பிள் இலவச சர்வீஸ் திட்டமே அறிவித்தது.

கேபிள் வாங்கும் முன் இருக்கும் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். தொடர்பு தளர்ந்தது மட்டும்தான் காரணம் என்றால் அதிலேயே முடிந்துவிடும். வரிசை இது. சார்ஜரைக் கழற்றுங்கள். பிஎச்0 என்ற சின்ன அளவு ஸ்க்ரூடிரைவரால் அடி மூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். இதைத் தாண்டிப் போகவே கூடாது. டிஸ்ப்ளே கனெக்டரில் பேக்லைட்டுக்கான ஏறத்தாழ 19 வோல்ட் போகும் பின்கள், ஒரு வோல்ட்டுக்கும் குறைவான படச் சிக்னல் பின்களுக்குச் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. பேட்டரி மாட்டியபடி கனெக்டரைக் கோணலாகச் செருகினால் ஃபியூஸ் போவது அதிர்ஷ்டம். துரதிர்ஷ்டம் என்றால் அந்த 19 வோல்ட் நேரே பிராசசருக்குப் போய் போர்டே முடிந்துவிடும். கடையில் கொடுத்தாலும், பேட்டரியைக் கழற்றினார்களா என்று கண்ணால் பாருங்கள்.

பிறகு திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம். பழைய மாடல்களில் கீழ் மூலைகளில் ரப்பர் மூடிக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, பழைய ஏடிஎம் கார்டு போன்ற பிளாஸ்டிக் துண்டால் உள்விளிம்பிலிருந்து நெம்பினால் கொக்கிகள் விடும். பேனலின் நான்கு ஸ்க்ரூக்களை எடுத்து, கீபோர்டு மேல் மெத்தென்ற துணி விரித்து, பேனலை அதன் மேல் முகம் குப்புறச் சாயுங்கள். பின்பக்கம் கீழே கனெக்டர், அதன் மேல் ஒட்டியிருக்கும் தெளிவான டேப். டேப்பை உரித்து, கனெக்டரைப் பேனலின் பரப்போடு இணையாக இழுக்க வேண்டும். மேலே தூக்கினால் பேனல் பக்கத்து சாக்கெட் பிய்ந்துவிடும். இரு பக்கத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டு, நேராக உள்ளே தள்ளி டேப்பை மறுபடி ஒட்டுங்கள். போர்டு பக்கத்து முனையையும் அதேபோல். கீலைச் சுற்றி வரும் இடத்தில் கேபிளின் மேலுறை நசுங்கியோ, உள்ளே செம்பு பளிச்சிட்டோ இருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், புதுசு வாங்குங்கள்.

ஒரு முக்கியமான விஷயத்தைப் பல கடைகள் விட்டுவிடுகின்றன. கேபிளைக் கெடுத்தது பெரும்பாலும் இறுகிப்போன கீல். தூசியும் வயதும் சேர்ந்து கீல் இறுகும். மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் அதைக் கூட்டும். கடைசியில் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை மரைகள் பெயர்ந்து, மூடி ஓரத்தில் வாய் பிளக்கும். இந்தக் கீலோடு புதுக் கேபிள் போட்டால் அதற்கும் ஆயுள் குறைவுதான். கீலின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். பெயர்ந்த மரைகளை அரால்டைட்டின் மெதுவாக இறுகும் வகையால் ஒட்டி ஒரு முழு நாள் அசைக்காமல் வையுங்கள்.

பேனல்

அசையாத ஒற்றைச் செங்குத்துக் கோடு, திரையின் ஒரு பட்டை முழுக்க வெளுப்பது, ஓரத்தை அழுத்தினால் கோடு இடம் மாறுவது: இவை பேனலின் கோளாறுகள். 1366 × 768 திரையில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று, ஆக 4,098 கம்பிகள் விளிம்பில் உள்ள டிரைவர் சிப்புகளிலிருந்து கண்ணாடிக்குப் போகின்றன. அந்த இணைப்பைச் சால்டர் வைத்து ஒட்டுவதில்லை, கடத்தும் துகள்கள் கலந்த மெல்லிய பசைப்படலத்தால் அழுத்தி ஒட்டுகிறார்கள். அது விட்டுவிட்டால் கையால் சரிசெய்ய முடியாது. பெரிய டிவிகளுக்கு அந்த இணைப்பை மறுபடி ஒட்டும் மெஷின் வைத்திருப்பவர்கள் உண்டு. லேப்டாப் பேனலுக்கு அந்தச் செலவு புதுப் பேனலின் விலையைத் தொட்டுவிடும். ஆகவே மாற்றுவது ஒன்றே வழி.

திரை முழுக்க மஞ்சளடித்து மங்கியிருந்தால் அது தேய்மானம். பல பேனல்களின் தரவுத்தாள், பேக்லைட்டின் வெளிச்சம் பாதியாகும் காலத்தை 12,000 முதல் 15,000 மணி நேரம் என்று போடுகிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓடும் கடை லேப்டாப்புக்கு அது நாலு, ஐந்து வருடக் கணக்கு. இதற்காகப் பேனல் மாற்றுவது அவசியமில்லை. படிக்க முடிகிற வரை ஓட்டலாம்.

வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகைப் பேனல் வந்திருக்கும். பழைய பேனலைக் கழற்றி அதன் முதுகில் உள்ள லேபிளைப் போட்டோ எடுத்து, அந்த எண்ணைக் காட்டி வாங்குங்கள். எண்ணில் 156 வந்தால் 15.6 அங்குலம், 140 வந்தால் 14 அங்குலம். அதன்பின் மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும். கனெக்டர்: 2012-13க்கு முந்தைய மெஷின்களில் பெரும்பாலும் 40 பின் எல்விடிஎஸ்; அதற்குப் பிந்தையவற்றில் 30 பின் இடிபி (இரண்டும் படச் சிக்னலைப் பேனலுக்கு அனுப்பும் முறைகள்). டச் ஸ்கிரீன், கேமிங் பேனல்களில் 40 பின் இடிபியும் வருகிறது. எண்ணிக்கை 40 என்று ஒத்துப்போவதால் எல்விடிஎஸ் கேபிளில் இடிபி பேனலை மாட்டக் கூடாது, இரண்டின் மின் இணைப்பும் வேறு. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த ஆரம்பகால மெஷினை இன்னும் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அடுத்தது அகலம்: 15.6 அங்குலத்தில் ஏறத்தாழ 360 மில்லிமீட்டர் உள்ள பழைய வகையும், மெல்லிய ஓர மாடல்களுக்கான 350 மில்லிமீட்டர் வகையும் இருக்கின்றன. கடைசியாக ஸ்க்ரூ காதுகள்: மேல்-கீழா, இட-வலமா, காதே இல்லாத வகையா.

விலை, சாதாரண எச்டி 30 பின் பேனலுக்குச் சுமார் 3,000 முதல் 4,500. ஃபுல் எச்டி ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) என்றால் 4,500 முதல் 7,000 வரை. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஃபுல் எச்டியே போட்டுரலாம்" என்ற யோசனை வரும். பின் எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும், எச்டிக்குச் சிக்னல் பாதை ஒன்று போதும். ஃபுல் எச்டிக்கு இரண்டு வேண்டும். பல எச்டி மாடல்களின் கேபிளில் இரண்டாவது பாதைக்கு வயரே இருக்காது. கேபிளையும் மாற்றத் தயார் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

வெளி மானிட்டர்: பலர் ஒதுக்கும் நல்ல வழி

நகைக்கடையிலோ, பலகாரக் கடையிலோ, ஆத்தங்குடிக் கல் பட்டறை ஆபீசிலோ மேஜையை விட்டு நகராமல் பில் போடும் லேப்டாப்புக்குப் புதுப் பேனல் எதற்கு? 19 அங்குலப் பழைய மானிட்டர் இரண்டாயிரம், மூவாயிரத்துக்குள் கிடைக்கும். 22 அங்குல ஃபுல் எச்டி புதுசு ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம். டாலியில் கணக்குப் பார்ப்பவருக்கு எழுத்து பெரிதாகத் தெரியும், கழுத்துக்கும் நல்லது. நாளைக்கு லேப்டாப்பே போனாலும் மானிட்டர் மிஞ்சும். பேனலில் போட்ட பணம் அந்த ஒரு மெஷினோடு போய்விடும். இந்தக் காரணத்துக்காகவே மேஜை வேலைக்கு நாங்கள் மானிட்டரைத்தான் முதலில் சொல்வோம்.

குறைகளும் உண்டு. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மானிட்டர் அணைந்துவிடும். அதனால் மானிட்டரை இன்வெர்ட்டர் பாயிண்டிலோ ஒரு 600 விஏ யுபிஎஸ்ஸிலோ போட வேண்டும். மூடியை மூடி வைத்து ஓட்ட நினைத்தால், பவர் அமைப்பில் மூடியை மூடினால் 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள். ஆனால் கீல் ஓரமாகச் சூடான காற்றை வெளியேற்றும் மாடல் என்றால் மூடி கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். கெட்ட பேனல் வெளிச்சம் கண்ணை உறுத்தினால் 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' தேர்ந்தெடுத்துவிடலாம்.

கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்த வழியில் இன்னொரு லாபம். சந்தையில் கிடைக்கும் மலிவு ஐபிஎஸ் லேப்டாப் பேனல்களில் பல '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்ற குறுகிய அளவுக்குத்தான் நிறம் காட்டும். கண்டாங்கிச் சேலையின் அரக்குச் சிவப்பு அதில் ஒன்றாகவும் பிரிண்டில் வேறாகவும் வரும். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவை முழுதாகக் காட்டும் ஐபிஎஸ் மானிட்டர் அதே பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் வந்துவிடும்.

தினமும் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மானிட்டர் உதவாது. அங்கே கேபிள், பேனல், அல்லது வேறு மெஷின்.

போர்டு கோளாறும் ரீபாலும்

டிவியிலும் சிதறல், ராம் மாற்றியும் போகவில்லை, சூடேறியதும் கூடுகிறது என்றால் கிராபிக்ஸ் சிப். முதலில் காற்றோட்டத்தைப் பாருங்கள். முறுக்கும் அதிரசமும் சுடும் இடத்துக்குப் பக்கத்தில் ஓடும் மெஷினின் ஃபேனைத் திறந்தால் எண்ணெய்ப் பிசுக்கில் மாவு படிந்து, ஹீட் சிங்க் தகடுகளின் இடைவெளி கம்பளி போட்டது போல் அடைந்திருக்கும். ஊதினால் அது போகாது. ஹீட் சிங்க்கைக் கழற்றி, பிரஷ்ஷும் ஆல்கஹாலும் வைத்துக் கழுவி, புது தெர்மல் பேஸ்ட் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் வரும் சிதறல் இதிலேயே நின்றுபோவது உண்டு.

தனி என்விடியா சிப்பும் இன்டெல் கிராபிக்ஸும் சேர்ந்த மெஷின் என்றால், டிவைஸ் மேனேஜரில் என்விடியாவை 'டிஸேபிள்' செய்து ஓட்டிப் பாருங்கள். இப்படிப்பட்ட மெஷின்களில் பெரும்பாலும் திரை இன்டெல் பக்கம்தான் இணைந்திருக்கும். கேம் போகும், கணக்கும் பிரவுசிங்கும் நிற்காது. ஒரு பைசா செலவில்லை.

ரீபால் (சிப்பைக் கழற்றி மறுபடி ஒட்டுவது), சூடு காட்டுவது என்று 2,500 முதல் 4,500 கேட்பார்கள். வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. ரீபாலில் மாற்றுவது சிப்பின் அடித்தட்டுக்கும் போர்டுக்கும் இடையில் உள்ள ஈயக் குண்டுகளை. இந்தச் சிப்புகளில் பெரும்பாலும் விரிசல் விழுவது அதற்கு மேலே, சிலிக்கானுக்கும் அடித்தட்டுக்கும் இடையில் உள்ள நுண்ணிய இணைப்பில். சூடு காட்டும்போது அந்த விரிசலும் தற்காலிகமாகச் சேர்ந்துகொள்வதால் மெஷின் உயிர் பெறுகிறது. சில வாரமோ சில மாதமோ கழித்து அதே இடத்தில் விடுகிறது. 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்புகளின் உட்கட்டுப் பொருள் பலவீனம் என்று ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியதும் இந்த வகைக் கோளாறுக்குத்தான். சிப்பையே புதிதாக மாற்றி மூன்று மாதமாவது எழுத்தில் வாரண்டி தருகிறார்கள் என்றால் யோசிக்கலாம். ஹார்டு டிஸ்க்கில் உள்ளதை எடுக்க மட்டும் இந்தச் செலவு தேவையே இல்லை. டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டால் வேறு மெஷினில் திறக்கும்.

வேறு மெஷின் எப்போது

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். உங்கள் மெஷின் அதற்கு முந்தையது, வேலை டாலி பிரைம் போல விண்டோஸில் மட்டும் ஓடும் சாஃப்ட்வேர் என்றால், அதில் ஐயாயிரம் ரூபாய்ப் பேனல் போடுவது பாதுகாப்பில்லாத மெஷினுக்குப் போடும் செலவு. கேபிள் வரைக்கும் சரி, அதற்கு மேல் வேண்டாம். பிரவுசரும் எழுத்து வேலையும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். அப்போது பேனல் செலவுக்கும் அர்த்தம் இருக்கிறது.

கணக்கு எளிது: 8-ஆம் தலைமுறை ஐ5 உள்ள ரீஃபர்பிஷ்டு (சரிபார்த்து மறுபடி விற்கும் பழைய) ஆபீஸ் லேப்டாப்பின் அன்றைய விலையைக் கேளுங்கள். ரிப்பேர் செலவு அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ரிப்பேரை விடுங்கள். பேட்டரியும் கீலும் சேர்ந்து போயிருந்தால் அந்தச் செலவையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எங்கே கொடுப்பது

சோதனைக்கும் கேபிள் மாற்றவும் உள்ளூர்க் கடை போதும். கண்ணெதிரே செய்வார்கள், திரும்பக் கொண்டுபோவதும் எளிது. சாதாரண 30 பின் பேனலும் காரைக்குடியிலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவழைத்துத் தருவார்கள். காலையில் பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் சென்னை எழும்பூர், அங்கே எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பேனல் மலிவு என்பது உண்மைதான்; ஆனால் ஒரே ஒரு பேனலுக்கு அந்தப் பயணம் கட்டாது. அரிய மாடல் கேபிள் என்றால் போகலாம், அல்லது கேபிளின் மேல் அச்சடித்த எண்ணைக் கொடுத்து ஆன்லைனில் வாங்கலாம். ஆன்லைனில் பேனல் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். கண்ணாடி உடைந்து வந்தால் அது இல்லாமல் பேச முடியாது.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஐந்து நிறங்களையும் முழுத்திரையில் போட்டுப் பாருங்கள். கறுப்பில் ஓரக் கசிவும் ஒளிப் புள்ளியும் தெரியும், வெள்ளையில் கரும்புள்ளியும் தூசியும் தெரியும். வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்துக் கூட்டுங்கள். கேமராவைத் திறந்து பாருங்கள். மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடி, கடைசித் தடவை முழுக்க மூடிவிட்டு ஒரு நிமிடம் கழித்துத் திறந்து, திரை தானாக எழுகிறதா என்று பாருங்கள். புதுப் பேனலின் எண்ணையும் வாரண்டி எத்தனை மாதம் என்பதையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பேனலையும் கேபிளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.